தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம்

பதினான்கு வரி எனக்கு.
ஒன்பது நொடிக்கு அதுவே தாராளம் என்கிறார் ரைன்,
தாலினிலிருந்து, எதையோ மென்றுகொண்டு.
பக்கம் பத்தரைக்கு அச்சுக்குப் போகும்.
மேலே பனிச்சறுக்கு, ஓரத்தில் குளிர்கால டயர் விளம்பரம்,
நடுவில் கிடைத்த பொந்தில் ஜூடோ.

பெண்கள், அறுபத்து மூன்று கிலோ, முதல் சுற்று.
கைரித் ஊய்போ, பத்தொன்பது வயது, பார்னுக்காரி.
குனிந்து வணங்கினாள்.
நடுவர் ஹஜிமே என்றார்.
வலது கை எதிராளியின் கழுத்துப்பட்டியைத் தேடிப் போனது,
பிடி படியும் முன்பே கால் முந்திக்கொண்டது,
அவ்வளவுதான்.
விரிப்பில் அவள் கை அறைந்த சத்தம்
மேல்வரிசை வரை கேட்டது.
சரியாக விழுந்தாள்.
ஆறு வயதில் முதல் பாடமே அதுதான்,
அதை யாரும் செய்தியாகப் போடுவதில்லை.
பிறகு லிஸ்பன் அரங்கின் கூரையைப் பார்த்தபடி
கொஞ்சம் கூடுதலாகவே கிடந்தாள்.
நானும் அண்ணாந்தேன்.
இருபத்திரண்டு விளக்கு. ஒன்று எரியவில்லை.

என் கணக்கு பதினொரு நொடி.
ரோட்டர்டாம், எட்டு வருடம் முன்பு.
முந்தைய இரவு எடைக்காக
தொட்டி நிறைய வெந்நீர், பிறகு மூன்று ஸ்வெட்டர்,
ஒரு புட்டி முழுக்கத் துப்பிய எச்சில்;
நானூறு கிராம் இறங்கியது.
காலையில் தராசு என்னை ஒப்புக்கொண்டது.
ஜெர்மன்காரி ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் பேப்பரில் ஒரே வரி:
த்ரீனு வாஹெர் ஏமாற்றமளித்தார்.
கீழே ஹெய்னோ லாஸ் என்று பெயர்.
வெட்டியெடுத்து
பிளாஸ்திரி வைக்கும் தகர டப்பாவின் மூடிக்குள் ஒட்டினேன்.
பயிற்சிக்கு முன் விரல்களைச் சுற்றும்போதெல்லாம்
அந்த ஆளையும் சேர்த்து இறுக்கிச் சுற்றினேன்.
மூன்று வருடம் அந்தக் கோபத்தில்தான் வண்டி ஓடியது:
ஒரு வெண்கலம், இரண்டு ஐந்தாமிடம்,
அப்புறம் முழங்கால்.

முழங்காலுக்குப் பிறகு அதே பேப்பர்.
எனக்குக் கிடைத்தது ஹெய்னோவுக்குப் பக்கத்து நாற்காலி.
நல்ல மனிதர். மீன் சாண்ட்விச்சில் பாதி தருவார்.
ஒரு வருடம் பொறுத்துக் கேட்டேன்,
ரோட்டர்டாமில் அன்று என்னதான் பார்த்தீர்கள் என்று.
கண்ணாடியைக் கழற்றி வைத்து யோசித்தார்.
"ரோட்டர்டாமா? நான் போனதே இல்லையே.
முடிவுத்தாள் வந்திருக்கும்,
ஒரு வரி போட்டிருப்பேன்."

அன்று மாலை டப்பாவைத் திறந்தேன்.
கோபத்தைக் காணோம்.
பசை மட்டும் இன்னும் பிடி விடவில்லை.

இப்போது ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிக்கொண்டு
தோற்றவர்கள் வெளியேறும் நடையில் நிற்கிறேன்,
தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் நடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்:
பெல்ட்டை அவிழ்க்காமல், தரையைப் பார்த்து,
யார் கூப்பிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டு.
கைரித்தும் அப்படித்தான் வந்தாள்.
தயாராக வைத்திருந்த கேள்வி தொண்டையைத் தாண்டவில்லை.
என்னைக் கடந்து போனவள்
நான்கு எட்டு தள்ளி நின்று திரும்பினாள்.
"நீங்கள் பார்த்தீர்களா?"
"பார்த்தேன்."
"கை முதலிலா, கால் முதலிலா?"
"கால்."
தலையசைத்தாள். நன்றியெல்லாம் இல்லை.
புட்டியின் மூடி உருண்டு என் காலடிக்கு வந்தது,
அதை எடுக்கவும் திரும்பவில்லை.

ஒன்பது ஐம்பது. விடுதி அறை.
என் வலது சுண்டுவிரல் மடங்காது.
யாரோ ஒருத்தியின் சட்டைக்கையில் சிக்கி முறிந்தது,
எந்த ஊர் என்பது மறந்துவிட்டது.
எங்கள் எஸ்தோனியத் தட்டச்சில்
தலையில் புள்ளியும் சுழியும் சுமக்கும் எழுத்தெல்லாம்
அந்த ஒற்றை விரலின் பொறுப்பு.
வெற்றி என்று அடிக்க அது வேண்டும்.
தோல்விக்கு வேண்டாம்,
மற்ற விரல்களே போதும்.

ஏமாற்றம் என்ற சொல்லைத் தொடவில்லை.
கால் முந்தியதை எழுதினேன்,
கை அப்போது எங்கே இருந்தது என்பதை எழுதினேன்,
விழுந்த விதத்தை எழுதினேன்,
எரியாத விளக்கையும்.
பதினேழு வரி வந்தது.
ரைன் மூன்றை வெட்டுவார்.
விளக்குதான் போகும்.