சிவப்பு தெரியக் கூடாது

பயிற்சிக்கூடத்தில் எங்களுக்கென்று ஒரு சவப்பெட்டி உண்டு.
உள்ளே எட்டு மணல்மூட்டைகள்.
'கர்னல் மணல்' என்று பெயர் வைத்தவன் கெஸ்லர்.
செவ்வாய்தோறும் கர்னல் சாகிறார்,
செவ்வாய்தோறும் சுமக்கிறோம்,
அழ ஆளில்லாத அவர்மேல்
கொடி விரிகிறது.

நீலம் தலைமாட்டில்,
இடது தோள்மேல்.
யாருடைய இடது என்று
புதிதாய் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.
படுத்திருப்பவருடையது.
இனி அவருக்கு அது தேவையில்லை என்றாலும்
அவர் பக்கமிருந்துதான் பார்க்க வேண்டும்.

தூக்கும்போது கால் முன்னே.
கொடிமேல் பூ வைக்கக் கூடாது,
தொப்பி வைக்கக் கூடாது,
பேத்தி வரைந்த டிராக்டர் படமும் கூடாது.
அதை ஒருமுறை நான்தான் எடுத்து நீட்டினேன்.
அந்தச் சிறுமி வாங்க மாட்டேன் என்றாள்.
இன்னும் என் லாக்கரில் இருக்கிறது.

கொடி தரையைத் தொடாது.
குழிக்குள்ளும் போகாது.
ஆள் போவார், துணி திரும்பும்.

இன்று பிப்ரவரி பதினொன்று, வடக்கு டகோட்டா,
கனடா எல்லைக்கு இருபது மைல் தெற்கே.
பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
மண் இரும்பாய்க் கிடக்கிறது,
மே மாதம்தான் குழி வெட்டுவார்கள்.
அதுவரை ஆர்லன் ட்வெய்ட்
கல்லறைத் தோட்டத்துச் செங்கல் அறையில்
வேறு மூவரோடு காத்திருப்பார்.
தொண்ணூற்றிரண்டு வயது.
கொரியாவில் சமையல்காரர்,
இரண்டு வருடம், தினமும்
அறுநூறு பேருக்கு முட்டை.

வந்தவர்கள் பதினாறு பேர்.
ஒன்பது பேர் காரைவிட்டு இறங்கவில்லை,
எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கெஸ்லர் எக்காளத்தை உயர்த்தினான்.
அதற்குள் இருப்பது ஒரு சின்னக் கருவி.
பொத்தானை அழுத்தி, உதட்டில் பொருத்தி,
ஐந்து நொடி நின்றால் தானே பாடும்.
வழியெல்லாம் அக்குளில் வைத்துச் சூடேற்றிய பேட்டரி
கடைசி ஸ்வரம்வரை தாக்குப்பிடித்தது.
அவன் கன்னம் உப்பவில்லை என்பதைக்
கவனித்ததாய் யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு மடிப்பு.
நீளவாக்கில் ஒன்று, மறுபடி ஒன்று,
கோடுகளின் முனையிலிருந்து முக்கோணம்,
முக்கோணத்தின்மேல் முக்கோணம்.
கையுறைக்குள் விரல்கள்
வேறு யாருடையவையோ.
எட்டாவது மடிப்பில் காற்று நுழைந்தது.
பதினொன்றில் எனக்குத் தெரிந்துவிட்டது,
எதிரே கெஸ்லரின் கண்ணுக்கும்.
மிஞ்சிய துணியைச் செருகினோம்.
மூலையில்
நகக்கண் அளவு சிவப்பு.

விதி எளிது. நீலமும் நட்சத்திரமும் மட்டும்.
சிவப்பு தெரிந்தால் பிரி, மறுபடி மடி,
எத்தனை முறையானாலும்.
கர்னல் மணலிடம் நேரம் ஏராளம்.
இங்கே ஆர்டிஸ் அம்மையார்
மடக்கு நாற்காலியில், மடியில் கம்பளியோடு,
இமைமயிரில் உறைபனி.

முழந்தாளிட்டேன். பனி நறுக்கென்றது.
குடியரசுத் தலைவரின் சார்பில், ராணுவத்தின் சார்பில்,
நன்றியுள்ள நாட்டின் சார்பில் என்று சொல்லிக்கொண்டே
கட்டைவிரலால் சிவப்பை மறைத்து நீட்டினேன்.
கொடுத்து முடித்தால்
விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும்
என்று கையேடு சொல்லவில்லை.

"மன்னியுங்கள், ஒரு நிமிடம்."
திரும்ப வாங்கப் போனேன்.
அவர் பிடியை விடவில்லை.
"இருக்கட்டும்.
அவர் சட்டை ஒருநாளும்
முழுசாய் உள்ளே இருந்ததில்லை."

சிரிக்கக் கூடாது என்பதும் விதிதான்.
எழுந்து, கையை உயர்த்த மூன்று நொடி,
இறக்க மூன்று நொடி.
பெட்டி வெறும் மரமாய்ச் செங்கல் அறைக்குள் போனது,
கால் முன்னே.
காரில் இருந்தவர்கள்
விளக்கைப் போட்டுக் கிளம்பினார்கள்.

வேனில் ஹீட்டர் சூடாக ஒன்பது மைல் ஆனது.
படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினேன்.
கொடி ஒப்படைக்கப்பட்டதா: ஆம்.
பெற்றவர்: மனைவி.
மடிப்பில் குறை ஏதேனும்:

பேனா மை உறைந்திருந்தது
என்று வைத்துக்கொள்ளுங்கள்.