தாமதம் பற்றிய அறிவிப்பு

முப்பத்தாறு வருடம்
சோல்னோக் ரயில் நிலையத்தில்
வண்டிகளை அனுப்பி வைத்தது என் குரல்.
திஸா ஆற்றை எனக்குப் பாலத்திலிருந்துதான் பழக்கம்,
அதுவும் பேருந்தின் அழுக்குக் கண்ணாடி வழியே.

ஓய்வுப் பணத்தில் சலவை இயந்திரம் வாங்கச் சொன்னான் மகன்.
நான் வாங்கியது
ஒரு பக்கம் பச்சை உரிந்த துடுப்புப் படகு.

விற்ற பொர்பாலாவுக்குப் பத்தொன்பது வயது.
'போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்' என்றாள்.
எதில் மோதப்போகிறேன் என்று எப்படித் தெரியும்?
'மோதினால் தெரியும்.'

முதல் நாள் வில்லோ மரத்தில் மோதினேன்.
மறுநாளும்.
அதே வில்லோ.
கிளையிலிருந்த கொக்கு எழுந்துகூடப் போகவில்லை,
என்னை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை போலும்.

வலக்கைக்கு வலு அதிகம்,
மைக்கின் பொத்தானை அழுத்திப் பழகிய கை.
இடக்கை சும்மா இருந்தே மூத்துவிட்டது.
அதனால் படகு
தன்னைத் தானே சுற்றிவந்து
புறப்பட்ட படித்துறையையே மறுபடி காட்டுகிறது.

மருந்துக் கடை லொராந்த் தலையை ஆட்டினான்:
'இதெல்லாம் எதற்கு, எதெல்கா?'
பதில் தோன்றவில்லை.
ஏழு கொப்புளங்களை எண்ணிக் காட்டினேன்,
கொஞ்சம் பெருமையாகவே.

இன்று ஆற்றின் நடுவரை போய்விட்டேன்.
நேராக. நம்புங்கள்.
தலைக்கு மேல் பாலம் அதிர்ந்தது.
பதினொன்று நாற்பது, தெப்ரெத்சென் வண்டி,
நான்கு நிமிடம் தாமதம்.
துடுப்பை விட்டுவிட்டு
பழக்கத்தில் வாய் திறந்தேன்:
பயணிகளின் கவனத்திற்கு...

யாருமில்லை. ஒரு வாத்து,
அதுவும் எதிர்த்திசையில்.

வருந்துகிறோம் என்று முடிப்பதற்குள்
நீர் என்னைக் கொண்டுபோய்
வில்லோவிடம் ஒப்படைத்துவிட்டது.
சரியான நேரத்துக்கு.