மூன்றாம் கோணம்

அறுபது தாங்கிகள். அறுபதும் இடக்கை.
ஒத்தக்கடைப் பட்டறைத் தரையில்
எண்ணெய் மினுங்கப் படுத்திருக்கின்றன.

அளவில் பிழையில்லை.
இஞ்ஞாசி வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டார்,
கூடவுமில்லை குறையவுமில்லை.
பிழை, படத்தின் மூலையில்
நானே குத்திய வரவு முத்திரைக்கு அடியில்:
தலை வெட்டிய ஒரு கூம்பு, பக்கத்தில் இரு வட்டம்.
இது மூன்றாம் கோணம் என்று
அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது
ஊதா மைக்குள்ளிருந்து.
நான் பழக்கத்தில் முதற்கோணமாக வாசித்தேன்.
வலமிருந்து பார்த்ததை
இடமிருந்து பார்த்ததாக எடுத்துக்கொண்டேன்.

"முழு உருவமா ஒண்ணு வரைஞ்சு குடுத்திருந்தா
எனக்கே தட்டுப்பட்டிருக்கும்மா."
குரலில் கோபமில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வரைகிறேன்,
முப்பது பாகை மூலைமட்டத்தை நகர்த்தி நகர்த்தி.
ஐசோமெட்ரிக்கில் தூரம் எதையும் சிறுக்க வைப்பதில்லை;
முன்விளிம்பு எத்தனை நீளமோ
பின்விளிம்பும் அத்தனை.
எந்தக் கண்ணும் இப்படிப் பார்த்ததில்லை.
கை மட்டும் நம்பிவிடுகிறது.

ஜன்னலுக்கு வெளியே யானைமலை.
மேலூர் ரோட்டில் போகிறவர்களுக்கு யானை.
நான் பஸ் ஏறும் இடத்திலிருந்து
சும்மா ஒரு பாறை,
தும்பிக்கை இருக்கிறதென்றால்
விட்டுவிட்டுப் போட்ட கோடாக
உள்ளே எங்கேயோ இருக்கும்.

படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த இஞ்ஞாசி
தரையிலிருந்து ஒன்றை எடுத்துப்போய்
கை கழுவும் இடத்து
ரசம் போன கண்ணாடிக்கு முன் பிடிக்கிறார்.
உள்ளே, சரியான தாங்கி.
துளை துளையின் இடத்தில்.

"இந்தா இருக்கு பாரு அறுபதும்" என்கிறார்.
"லோடு ஏத்தத்தான் வழியில்ல."