சிறந்த ஒலியமைப்பு

விசுவமடுவில் தொடங்கி
பரந்தன் சந்தியில் இடைவேளை விட்டு
ஆடைத்தொழிற்சாலை பஸ்ஸில்
மூன்று நாளாய்ப் பார்த்து முடித்த படம்.

ராத்திரி விருது அறிவிச்சிருக்கிறாங்கள்.
சிறந்த நடிகன் அந்தத் தாடிக்காரன்.
சரி, அழத் தெரியும் அவனுக்கு.
ஒலியமைப்புக்குக் குடுத்ததுதான்
எனக்கு ஒத்துவரேல்லை.

படத்தில் ஷெல் கூவிக்கொண்டு வருது,
எல்லாரும் அண்ணாந்து பார்க்க
நேரம் குடுத்து.

இயர்போனில் ஒரு காதை
சுகிர்தாவிட்டைக் குடுத்தனான்.
"கூவினால்
அது எங்களுக்கில்லையெல்லோ" எண்டாள்.

ஆனால் ஒரு இடம் இருக்கு.
வெடிச்சு முடிய
சட்டிமூடி ஒண்டு நிலத்தில்
சுத்திச் சுத்தி அடங்கும்.
அதிலை அவள் இயர்போனைக் கழட்டித் தந்திட்டு
யன்னல் பக்கம் திரும்பீட்டாள்.

மூடியைச் சுத்தவிட்டவன்
ஆரெண்டு பார்க்க
கடைசி எழுத்துகள் ஓடும்வரை இருந்தன்.
டேட்டா முடிஞ்சுது.