கொக்கி

ஒன்றேகால் டன் ஜெனரேட்டர்.
நீல வர்ணம், இரண்டு சக்கரம்,
சொந்தமாய் நடக்கத் தெரியாது.
இழுத்துக்கொண்டிருந்த பழைய ஜீப்
கானாடுகாத்தான் ரயில்வே கேட் தாண்டி
கியர்பாக்ஸைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.
ஆவணி பிறந்தால் வரிசையாய் முகூர்த்தம்.
கையில் நாலரை லட்சம்,
அதில் ஒன்று வட்டிக்கு.

புதுவயல் வெள்ளைக்கண்ணு
பத்து வருஷம் முன்புவரை மாட்டுத் தரகர்.
இப்போதும் பானட்டைத் தட்டிக்கொடுத்து
"சுழி சுத்தம் தாயி" என்கிறார்.

முதலில் காட்டியது வெள்ளை சஃபாரி.
முகம் பார்த்துத் தலை வாரலாம், அத்தனை மினுக்கு.
சீட்டைக் கழற்றச் சொன்னேன்.
அடித் தகட்டு மூலையில் காய்ந்த வண்டல்,
ஒரு நத்தை ஓடு.
எந்தப் பட்டணத்து வெள்ளத்திலோ
கழுத்தளவு நின்றிருக்கிறது.
எங்கள் கண்மாய் மூன்று வருஷமாய் நிறையவில்லை,
இந்த வண்டிக்குள் ஓர் ஏரியே இருந்திருக்கிறது.

அடுத்தது காரைக்குடியில் ஒரு பல் டாக்டரின் டஸ்டர்.
செக்காலை ரோட்டைத் தவிர வேறு மண் அறியாதது.
ஜபருல்லா அடியில் படுத்து
ரொம்ப நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான்.
"நல்ல வண்டிக்கா. மேடு பள்ளம் போகும்.
ஆனா இதுக்குத் தனியா சட்டம் கிடையாது, உடம்பேதான் எலும்பு.
வருஷம் பூரா ஒன்றேகால் டன்னைக் கட்டி இழுத்தா
இடுப்பு விட்டுரும்."
டாக்டர் காதில் விழுந்திருக்கும்.
அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

மூன்றாவது, கண்டதேவிப் பக்கம்,
செலின் வீட்டு வேப்பமரத்தடியில்
சாம்பல் நிற ஸ்கார்ப்பியோ, நாலு சக்கரமும் இழுப்பது.
மீட்டரில் அறுபத்து நாலாயிரம்.
கிளட்ச் பெடல் ரப்பரோ
வழுக்கைத் தலையாய்த் தேய்ந்திருந்தது.
நான் கேட்கவில்லை, பெடலைப் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
"மீட்டர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு.
நெசத்துல ரெண்டு லட்சம் தாண்டியிருக்கும்.
மூணாவது கியர்ல ஒரு முனகல் இருக்கு.
மழை பேஞ்சா இடது கதவு ஒழுகும்."
வெள்ளைக்கண்ணுக்கு இருமல் வந்தது.
"தண்ணி குடிங்கண்ணே" என்றாள்.

ஜெனரேட்டரை மாட்டினேன்.
கண்மாய்க் கரை, முந்தின ராத்திரித் தூறலில்
ஊறிக் கிடந்த செஞ்சரளை.
பின்சக்கரம் ஒரு முறை சுற்றி யோசித்தது.
சின்னக் கியரைப் போட்டதும்
முணுமுணுத்துக்கொண்டே ஏறியது.
ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டினேன்.
கிளட்ச் கருகும் வாடை இல்லை,
ஈர மண்தான்.

ஏற்றம் பெரிதில்லை.
இறங்கும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும்
அந்த ஒன்றேகால் டன்.
அப்போதுதான் வண்டியின் குணம் தெரியும்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.
ஜபருல்லா கண்ணை மூடிக்கொண்டான்.
தன் பல்லைத் தானே கடித்துக்கொண்டு
அடி அடியாய் இறங்கியது அது.

வெள்ளைக்கண்ணு பழக்கதோஷத்தில்
துண்டை விரித்துக் கையை மூடினார்,
உள்ளே விரல் பிடித்து விலை பேச.
"வெயில்ல சொல்லுங்கண்ணே" என்றேன்.
"நாலு பத்து" என்றாள் செலின், சத்தமாக.
முனகலுக்கு ஐந்து குறைத்தேன்.
கதவுக்கு அவளே இரண்டு குறைத்தாள்.

முப்பதாம் நம்பர் படிவத்தில் கையெழுத்தானதும்
டாஷ்போர்டிலிருந்து மாதா சொரூபத்தை
நகத்தால் நெம்பி எடுத்து
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
வட்டமாய்ப் பசைத் தடம்.
நான் இன்னும் எதுவும் ஒட்டவில்லை.

பள்ளத்தூரில் முதல் கல்யாணம்.
முகூர்த்தத்துக்குச் சரியாய்க் கரண்ட் போனது.
இருட்டு எட்டு எண்ணும் வரைதான்.
பிறகு மண்டபம் பூராவும் வெளிச்சம்,
நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.
யாரும் பின்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்தால்தான் என் தொழில் மோசம் என்று அர்த்தம்.

இலை போடும் சத்தம் கேட்டதும் இறங்கிப் போய்
கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன்.
பதினெட்டு மைல் இழுத்த சூடு
இன்னும் கொஞ்சம் இருந்தது.
மழை வரும்போல இருந்தது.
இடது பக்க சீட்டில் ஒரு பாலிதீன் விரித்துவிட்டு
சாப்பிடப் போனேன்.