பிழை வரம்பு

ஞாயிறு பன்னிரண்டுக்குத் தமிழ் ஆராதனை.
இந்திச் சபை முடித்தால்தான் கோயில் நமக்கு.
கரோல் பாக் வெயிலில், செருப்புகளுக்கு நடுவே,
வின்ஃபிரட் ஐயர் என்னைப் பிடித்துக்கொண்டார்:
"அடுத்த வாரம் நீங்க சாட்சி சொல்லணும்மா.
அணுக்கடிகாரம் வச்சிருக்கிறவங்க.
விஞ்ஞானமே ஆண்டவரை ஒத்துக்கிடுதுன்னு
வாலிபப் பிள்ளைங்க உங்க வாயால கேக்கட்டும்."

ஐயா,
பூசாவில் என் அறைக்கு ஜன்னல் கிடையாது.
சீசியம் அணு
தொள்ளாயிரத்துப் பத்தொன்பது கோடியே இருபத்தாறு லட்சத்து
முப்பத்தோராயிரத்து எழுநூற்று எழுபது தடவை துடித்தால்
ஒரு நொடி.
எண்ணுவது என் வேலை.
எண்ணப்படுவது எது என்று
இருபத்திரண்டு வருடத்தில் அது சொன்னதில்லை.
நானும் நச்சரித்ததில்லை.

ஒவ்வொரு சான்றிதழின் கடைசி வரியிலும்
கூட்டல் கழித்தல் போட்டு ஓர் எண் எழுதுவோம்.
இதற்குமேல் எங்களுக்குத் தெரியாது என்று
அரசாங்க முத்திரை வைத்து ஒப்புக்கொள்கிற எண்.
சபையில் நான் கேட்ட பாவ அறிக்கை எதுவும்
இவ்வளவு நறுக்காக இருந்ததில்லை.

அந்தத் தெரியாத இடத்தை
ஆண்டவருக்கு வாடகைக்கு விடச் சொல்கிறீர்கள்.
நாளைக்கே நவ்தீப்பின் புது லேசர் வந்து
புள்ளிக்குப் பின்னால் இரண்டு சுழியம் கூடினால்
அவர் தட்டுமுட்டுச் சாமானோடு
எந்தச் சந்துக்குக் குடிபோவார்?

நவ்தீப்பும் கேட்பான், கேன்டீனில், ராஜ்மா ஆறிக்கொண்டிருக்க:
இவ்வளவு அளந்துவிட்டு எப்படி மேடம் மண்டியிடுகிறீர்கள்?
முட்டி வலிக்கத்தான் செய்கிறது என்பேன்.
சிரிப்பான்.

ஒன்று இருக்கிறது. சாட்சி ஆகுமா, தெரியாது.

ஆஸ்பத்திரி, ஏழாம் வார்டு, ஜனவரி மூடுபனி.
சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால்.
(தொழில் புத்தி. நுழைந்ததுமே பார்த்துவிட்டேன்.)
கிளாட்சன் பிழைப்பாரா என்று கேட்டேன்.
டாக்டர் சதவீதத்தில் பதில் சொன்னார்.
பிழை என்றால் எங்கள் ஆய்வகத்தில் வேறு.

நர்ஸ் நிமிர்ந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்து
மூன்று பத்து என்று எழுதினாள்.
என் கையில் மூன்று பதினாலு.

மூன்று பத்துக்கு, ஐயா,
தேசத்தின் சரியான மூன்று பத்துக்கு
அவர் தண்ணீர் கேட்டார்.
பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.
"கேஸை மூடிட்டுத்தானே வந்தே?" என்றார்.
மூடினேன் என்றேன்.
இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

சான்றிதழ்படி
செத்தபின் நான்கு நிமிடம் என்னோடு பேசிய மனுஷன்.

இதை உயிர்த்தெழுதல் என்று சொல்லமாட்டேன்.
கடிகாரக் கோளாறு.
திருத்தச் சொல்லி ஒரு மனு போட்டால்
என் கையெழுத்துக்கு மறுபேச்சு இராது.
ஒன்பது வருடமாகப் போடவில்லை.
துல்லியத்துக்குச் சம்பளம் வாங்குகிறவள்
அதை மட்டும் அப்படியே விட்டு
அதற்குள் போய்த்தான் ஜெபிக்கிறேன்.
தட்டுகிற சத்தம் கேட்கும் சில நாள்.
வெளியே நின்று நான் தட்டுவதா
உள்ளிருந்து யாராவதா,
பிரித்துப் பார்க்கக் கருவியில்லை.
வாலிபப் பிள்ளைகளுக்கு
இதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

உள்ளே கடைசி ஆமென்.
செருப்புகள் கலைகின்றன.
கோயில்குட்டியார் நாற்காலிமேல் ஏறி
நின்றுபோன கடிகாரத்துக்கு செல் மாற்றிவிட்டு,
"அக்கா, கரெக்டா டைம் என்ன?" என்கிறார்.

பன்னிரண்டு இருபது இருக்கும் என்கிறேன்.
ஏறத்தாழ.