பெயருக்குக் கீழே ஒரு வரி

என் தாளுக்குப் பதினேழு வாசகர்கள்.
அதில் ஒருத்தி என் தங்கை மைமு.
அவள் அடுப்பு மூட்டத்தான் வாங்குகிறாள், தெரியும்.
கடல் உறைவதைப் பற்றி மட்டும் நான்கு பக்கம்,
மாதம் ஒருமுறை, ஹீயுமா தீவிலிருந்து.
எந்த விரிகுடாவில் எத்தனை விரற்கடை,
எங்கே கறுப்புப் பனி, எங்கே பால் பனி,
எந்த நாளில் கார் ஓடலாம், எந்த நாளில் நாய் மட்டும்.

உள்ளூரில் விலைபோகாத மாடு
வெளியூரில் விலைபோகாது என்பார்கள்.
நான் மாட்டை அவிழ்த்து நடக்கவிட்டேன்.

முதலில் தேனீ வளர்ப்போர் காலாண்டிதழ்.
பனியைப் பற்றி எழுதட்டுமா என்றேன்.
தேனீயைப் பற்றி எழுது என்றார் கால்யோ.
மூன்று வாரம் ஒரு பெட்டியின்மேல் காது வைத்துக் கிடந்தேன்.
குளிரில் அவை பறப்பதில்லை.
பந்தாகத் திரண்டு, சிறகை அசைக்காமல்
தசையை மட்டும் நடுக்கிச் சூடு உண்டாக்குகின்றன,
விளிம்பில் இருப்பது உள்ளே போக
உள்ளே இருந்தது விளிம்புக்கு வர.
அதை எழுதினேன். பனி என்ற சொல் ஒரே ஒருமுறை.
அடியில், எறும்பளவு எழுத்தில், என் கூலி:
"விர்வே தூயிஸ்க் கடல்பனி பற்றியும் எழுதுகிறார்.
கேட்டால் அனுப்புவார்."

ஆறு பேர் கேட்டார்கள்.

பிறகு தேவாலயச் சுற்றறிக்கை.
பாதிரியார் இரண்டு வரிகளை வெட்டினார்,
பனி விரிசல் விடும் ஓசையைக்
கெட்ட வார்த்தையோடு ஒப்பிட்ட வரிகள்.
நல்ல வரிகள் அவை.
அவர் வீடு, அவர் கத்தி. வாயை மூடிக்கொண்டேன்.
நான்கு பேர்.
சானா அடுப்பு விற்கும் கடையின் விலைப்பட்டியலில்
பதின்மூன்று பேர்! வேர்த்து உட்கார்ந்திருப்பவர்கள்
பின்னட்டை வரைக்கும் படிக்கிறார்கள்.
கோழிப்பண்ணைக்காரர்களிடம் போன கதையைச்
சொல்லப்போவதில்லை.

போன வீட்டிலெல்லாம் வாசலில் பூட்ஸைக் கழற்றி
அவர்கள் தந்த காலுறையில் நடந்தேன்.
சில இரவுகளில், என் தாளுக்கே எழுத உட்கார்ந்தால்
யாருடைய தொண்டையில் இருமுவது என்று தெரியவில்லை.

நாற்பதாவது ஆள் கடிதம் போட்டார்.
ஹில்லார். தீவுக்கும் கரைக்கும் ஓடும் கப்பலில்
எஞ்சின் அறை வேலை.
"உங்கள் தாளில் எனக்கு ஒரு பக்கம் தருவீர்களா?
மேலிருந்து நீங்கள் பார்க்கும் பனியை
அடியிலிருந்து நான் கேட்கிறேன்."

படித்தேன்.
இரும்பில் பனி உரசும் ஓசையில் ஏழு வகை சொல்லியிருந்தார்.
ஐந்தாவது, தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் குழந்தை.
இருபது வருஷம் அதன்மேல் நடந்தவள் நான்,
எனக்கு அது தோன்றவில்லை.
எழுந்துபோய் இரண்டு வரிகளை வெட்டினேன்.
கேட்டால் இடம் போதவில்லை என்றிருப்பேன்.
படுத்தேன். பாதிரியாரின் கத்தி
என் விரலிடுக்கில் இருந்தது.
விடியுமுன் எழுந்து இரண்டையும் திரும்ப ஒட்டி
முதல் பக்கத்தில் வைத்தேன்.

பெயருக்குக் கீழே என்ன போடட்டும் என்று கேட்டேன்.
"இவர் அக்கார்டியன் பழுது பார்ப்பார்."
அவ்வளவுதான் கேட்டார்.

இந்த மாதத் தபாலில் பதினொரு உறைகள்.
ஒன்பது அவருக்கு.
துணிப்பையில் போட்டுக்கொண்டு
ஹெல்டெர்மா துறைக்கு நடக்கிறேன்,
வடக்கிலிருந்து காற்று, தரையில் இன்னும் பிடிப்பில்லை.
மீதி இரண்டில் ஒன்று மின்கட்டணம்.
மற்றது மைமு:
"இந்த இதழை எரிக்கவில்லை."